வீட்டு விளக்கு பவளத்தைக் கொல்வதில்லை

"வடிகட்டும் சம்ப்பை வீட்டில் செய்துகொள், ஸ்டாண்டை வீட்டில் செய்துகொள், விளக்கை மட்டும் கடையில் வாங்கு." பவளத் தொட்டி வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் இந்த வாக்கியம் வந்துவிடும். சிங்கப்பூரில் கடைக்காரர் சொல்கிறார். அதைக் கேட்ட புதியவர் அடுத்த மாதமே இன்னொரு புதியவருக்குச் சொல்கிறார். அண்மையில் ஓர் உரையில் இதே வாக்கியத்தைக் காரணங்கள் அடுக்கி மேடையேற்றினார்கள். பேசியவர் நல்ல தொட்டி வைத்திருப்பவர். ஆனால் சொன்ன காரணங்களில் ஒன்றைக்கூட அவர் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை. இதைப் பல ஆண்டுகளாகக் கேட்டுப் பொறுத்துவிட்டேன். கையில் ஆர்வமும் கொஞ்சம் பொறுமையும் உள்ள எத்தனையோ பேரை இந்தப் பேச்சு வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறது.

தமிழ்நாட்டு வாசகருக்கு முதலில் ஒன்று. இந்தியாவில் கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டைக்கூட எடுக்கக் கூடாது, எடுக்கவும் வேண்டாம். நான் பேசுவது சிங்கப்பூர்போல் பவளம் வளர்க்க அனுமதி உள்ள இடங்களைப் பற்றி.

முதல் காரணம், நிறமாலை. பெரிய நிறுவனங்கள் ஆராய்ச்சி செய்து பவளத்துக்கென்றே ஒளியை வடிவமைக்கின்றனவாம். அந்தச் சூத்திரம் நமக்கு எட்டாதாம். பூட்டி வைத்த சூத்திரம் என்று எதுவும் இல்லை. பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் ஸூசாந்தெல்லே என்ற நுண்பாசிதான் ஒளியைப் பிடித்து உணவாக்குகிறது. அதிலுள்ள முக்கிய நிறமிகள் குளோரோஃபில் ஏ, குளோரோஃபில் சி2, பெரிடினின். முதல் இரண்டும் 430 முதல் 460 நானோமீட்டர் வரையுள்ள நீலத்தை நன்றாக உறிஞ்சுகின்றன. பெரிடினின் அதைத் தாண்டிப் பச்சை கலந்த நீலத்தின் பக்கம் நீள்கிறது. இவ்வளவும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. 450 நானோமீட்டரை ஒட்டி ஒளிரும் ராயல் புளூ எல்இடியை யாரும் வாங்கலாம். ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் சுஜி நாகமுரா 1993-இல் பிரகாசமான நீல எல்இடியை உருவாக்கினார். அகாசாகி, அமானோ இருவருடன் அவருக்கு 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று கடையில் கிடைக்கும் வெள்ளை எல்இடியும் நீலச் சில்லின்மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியதுதான். பெயர்பெற்ற பவள விளக்குகளுக்குள் தனிக் கடவுள் எவரும் குடியிருக்கவில்லை. ஈகோடெக் நிறுவனம் 2011-இல் ரேடியான் விளக்கைக் கொண்டுவந்தபோது, உள்ளே இருப்பவை கிரீ நிறுவனத்தின் சில்லுகள் என்று அதுவே பெருமையாக விளம்பரம் செய்தது. அந்தச் சில்லின் நிறமாலை வரைபடம், மின்னோட்டம், வெப்ப வரம்பு எல்லாம் கிரீ வெளியிடும் தரவுத்தாளில் கிடக்கின்றன.

நிறமாலையைப் பற்றிய ஆய்வுகளும் எவருக்கும் சொந்தமானவை அல்ல. சௌத்தாம்டன் பல்கலைக்கழகத்தின் செசிலியா டாஞ்செலோ, யோர்க் வீடன்மான் குழு 2008-இல் காட்டியது, பவளங்களின் வண்ண நிறமிகள் பலவற்றை நீல ஒளியே தூண்டுகிறது என்று. நெதர்லாந்தின் டிம் வைகெர்டே குழு 2014-இல் காட்டியது, சிவப்பு ஒளி ஸ்டைலோஃபோரா பவளத்தின் பாசியை ஒடுக்குகிறது என்று. ஆகவே நீலத்தை நிறைய வை, வெள்ளையை அளவாக வை, சிவப்பில் கைவைக்க அவசரப்படாதே. வீட்டில் விளக்கு செய்பவருக்குத் தொடங்க இது போதும்.

இரண்டாவது காரணம், சூடு. எல்இடி சூடாகி எரிந்துவிடும் என்கிறார்கள். சூடாகும் என்பது உண்மை. கொடுக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி சில்லின் முதுகுப் பக்கம் வெப்பமாகத்தான் இறங்குகிறது. அதற்காகத்தான் அலுமினிய ஹீட்சிங்க், தெர்மல் பேஸ்ட், ஒரு சின்ன விசிறி. இதே ஆட்கள் 250 வாட், 400 வாட் மெட்டல் ஹேலைடு விளக்குகளைத் தொட்டிமேல் தொங்கவிட்டு, சூடேறிய நீரைக் குளிர்விக்கச் சில்லர் இயந்திரத்தை இரவு பகலாக ஓடவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். சிங்கப்பூர் வெக்கையில் அறையே 30 டிகிரி இருக்கும். அங்கே நீரை 26-இல் நிறுத்த என்ன செலவாகும் என்பது மின்கட்டணம் கட்டியவருக்குத் தெரியும். எல்இடியின் வெப்பம் மேலே ஹீட்சிங்கில் நிற்கிறது, நீருக்குள் பெரும்பாலும் பாய்வதில்லை.

எல்இடி எரிந்துபோவதற்குப் பெரும்பாலும் காரணம் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தாமல் விடுவது. சில்லு சூடானால் அதன் மின்னழுத்தம் இறங்கும், நிலையான வோல்ட் கொடுத்தால் ஓட்டம் ஏறும், ஓட்டம் ஏறினால் இன்னும் சூடாகும். நிலையான மின்னோட்டம் தரும் டிரைவர் இந்தச் சுழலை அறுத்துவிடுகிறது. தைவானின் மீன்வெல் நிறுவனம் செய்யும் எல்டிடி டிரைவர் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். 48 வோல்ட் பவர் சப்ளையிலிருந்து 12 ராயல் புளூ எல்இடிகளைத் தொடராக இணைத்து 700 மில்லிஆம்பியரில் எரியவிடலாம். ஓர் எல்இடிக்கு 3.2 வோல்ட் என்று வைத்தால் 38 வோல்ட் சொச்சம், 27 வாட். டிரைவருக்கு மீதி வோல்ட்டும் இருக்கிறது. பெருக்கத் தெரிந்தவர் செய்யக்கூடிய கணக்கு இது. பொருள்கள் ஜாலான் புசாரில் சிம் லிம் டவருக்குள் ஏறி இறங்கினால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

மூன்றாவது, உயிர் பயம். உப்புநீருக்கு மேலே மின்சாரம் என்பதை எவரும் விளையாட்டாக எடுக்கக் கூடாது, வீட்டு விளக்கானாலும் கடை விளக்கானாலும். 230 வோல்ட் பகுதி முழுவதையும் மூடிச் சீல் வைத்த, தரச்சான்று பெற்ற பவர் சப்ளையாக வாங்கித் தொட்டியை விட்டுத் தள்ளி வையுங்கள். கை வைப்பது 48 வோல்ட் பக்கம் மட்டும். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி 2023 ஜூலை முதல் சிங்கப்பூர் வீடுகள் எல்லாவற்றுக்கும் கட்டாயமாகிவிட்டது. வாரன்டி கிடையாது என்பதற்கு ஒரு வரி போதும்: ஒரு சில்லு செத்தால் அதை மட்டும் கழற்றி வேறொன்றைச் சால்டர் வைக்கலாம், கடை விளக்கில் பலகையையே மாற்றச் சொல்வார்கள்.

இனி என்னை மிகவும் எரிச்சலூட்டும் காரணத்துக்கு வருகிறேன். "எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில் எல்இடி விளக்கு செய்தார், இரண்டே மாதத்தில் அக்ரோபோரா பவளங்கள் எல்லாம் வெளுத்துச் செத்தன." இந்தக் கதையை எல்லாரும் சொல்கிறார்கள். இதற்கு எல்லாரும் எடுக்கும் முடிவும் ஒன்றுதான்: வீட்டு விளக்கு போதாது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பவளம் வெளுத்தது என்றால் ஒளி போதாமல் போயிருக்கும் என்று எல்லாரும் ஏன் உடனே முடிவு கட்டுகிறார்கள்? வாய்ப்பு அதிகம் இருப்பது நேரெதிர்ப் பக்கத்தில்.

பாசிக்கு ஒளி ஓர் அளவு வரைதான் பயன்படும். அதற்குமேல் விழும் ஒளியை ஒளிச்சேர்க்கை ஏற்க முடியாமல், மிஞ்சிய ஆற்றல் செல்லைச் சிதைக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளாகத் திரும்புகிறது. பவளம் பாசியை வெளியே தள்ளுகிறது. உள்ளே இருக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு எலும்பு தெரிகிறது. நிழலில் வளர்ந்த கறிவேப்பிலைக் கன்றை ஒரே நாளில் மொட்டைமாடி வெயிலில் வைத்தால் இலை கருகுவதைப் போலத்தான் இதுவும். கன்று கருகியதற்கு வெயில் போதவில்லை என்று யாரும் சொல்வதில்லை.

ஒளியை ஏன் இவ்வளவு கூட்டிவைத்தார்கள்? கண்ணை நம்பினார்கள். மனிதக் கண் 555 நானோமீட்டர் பச்சையில்தான் கூர்மையானது. 450 நானோமீட்டர் நீலத்தில் அந்த உணர்திறன் 4 விழுக்காடுகூட இல்லை. ராயல் புளூ விளக்கு முழு வேகத்தில் எரியும்போதும் நமக்கு மங்கலாகவே தெரியும். பழைய ஹேலைடின் வெளிச்சத்துக்குப் பழகிய கண், "இன்னும் கொஞ்சம் கூட்டு" என்கிறது. சிலர் லக்ஸ் மீட்டரை வைத்து அளந்தேன் என்கிறார்கள். லக்ஸ் என்ற அளவே மனிதக் கண்ணின் வளைவை வைத்து எடுத்தது. நீலத்தை அதுவும் மிகக் குறைத்தே கணக்கிடும். பவளத்துக்கு வேண்டிய அளவு பார் (PAR), அதாவது 400 முதல் 700 நானோமீட்டருக்குள் ஒரு சதுர மீட்டரில் வினாடிக்கு விழும் ஒளித்துகள்கள், மைக்ரோமோலில். காளான் பவளங்களுக்கு 50 முதல் 100 வரை தாராளம். அக்ரோபோராவுக்கு 200 முதல் 350 வரை வைத்துப் பலர் நன்றாக வளர்க்கிறார்கள். 24 எல்இடிகளுக்கு 40 பாகை லென்ஸ் போட்டுத் தண்ணீருக்கு நெருக்கமாக வைத்தால் மேற்பாறையில் 500-ஐத் தாண்டுவது எளிது. அந்தப் பாறையில், அதுவரை 150-இல் இருந்த பவளத்தை முதல் நாளே உட்காரவைத்தால் என்ன நடக்கும்?

இன்னொன்றையும் இந்தக் கதைசொல்லிகள் பேசுவதில்லை. எல்இடிக்கு மாறிய காலத்திலேயே பலர் தொட்டியைத் துடைத்துத் துப்புரவாக்கும் மோகத்திலும் விழுந்தார்கள். இரும்பு ஆக்சைடு துகளைப் போட்டுப் பாஸ்பேட்டைச் சுழிக்குக் கொண்டுவந்தார்கள். அதே வீடன்மான் குழு 2013-இல் நேச்சர் கிளைமேட் சேஞ்ச் இதழில் வெளியிட்ட ஆய்வு என்ன சொல்கிறது? நைட்ரேட் இருந்தும் பாஸ்பேட் பட்டினி கிடக்கும் பவளம், சூட்டுக்கும் ஒளிக்கும் சீக்கிரமே வெளுத்துவிடுகிறது. "இரண்டு மாதத்தில் செத்தன" என்பவரிடம் பாஸ்பேட் எவ்வளவு இருந்தது, மேற்பாறையில் பார் எவ்வளவு, விளக்கை எத்தனை வாரத்தில் முழு அளவுக்கு ஏற்றினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட எவரிடமும் மூன்றுக்கும் பதில் இல்லை. எண் இல்லாத ஒரு சாவை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் பயமுறுத்துகிறார்கள். ஆயிரக்கணக்கில் செலவு செய்து வாங்கிய கடை விளக்கின் கீழும் பவளங்கள் இதே காரணத்தால் வெளுக்கின்றன. அப்போது மட்டும் விளக்கைக் குறை சொல்வதில்லை. தண்ணீரைச் சொல்கிறார்கள், பூச்சியைச் சொல்கிறார்கள், பவளம் விற்றவரைச் சொல்கிறார்கள்.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தொழில்துறைப் பொறியியல் பேராசிரியரான சஞ்சய் ஜோஷி பல ஆண்டுகள் ஹேலைடு பல்புகளையும் பிறகு எல்இடி விளக்குகளையும் ஒவ்வொன்றாக அளந்து எண்களை வெளியிட்டார். அவரும் வீட்டில் தொட்டி வைத்திருந்த பொழுதுபோக்காளர்தான். சங்கங்கள் செய்யவேண்டியது அந்த வேலை. ஓர் ஆப்பஜி பார் மீட்டரைச் சங்கம் வாங்கி உறுப்பினர்களுக்கு முறைவைத்துக் கொடுத்தால் இந்த வதந்தி ஓராண்டு தாங்காது. விளக்கைக் கால் பங்கில் தொடங்கி வாராவாரம் கொஞ்சமாக ஏற்றுங்கள் என்று சொல்லிக் கொடுத்தால் அதுவும் போதும்.

கடைசியாக, "இதெல்லாம் நிறுவனங்களின் வேலை, பொழுதுபோக்காளர் கைவைக்கக் கூடாது" என்றார் பேச்சாளர். இந்தத் துறையின் வரலாறு தெரிந்தவர் பேசும் பேச்சா இது? 1961-இல் ஜகார்த்தாவின் லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறையையும் காற்றுக் குமிழியையும் மட்டும் வைத்துக் கடல் தொட்டி நடத்தலாம் என்று எழுதினார். அந்த உயிர்ப்பாறை, அதாவது லைவ் ராக், பிறகு பவளத் தொட்டிகளில் எங்கும் பரவியது. எல்இடியின் கதை இன்னும் நேரடியானது. அமெரிக்காவில் பிஎஃப்ஓ லைட்டிங் நிறுவனம் சோலாரிஸ் என்ற எல்இடி விளக்கைப் பவளத் தொட்டிக்கென்று விற்றது. விஸ்கான்சினைச் சேர்ந்த ஆர்பிட்டல் டெக்னாலஜீஸ் கடல் தொட்டி எல்இடி விளக்குக்கு 2007-இல் காப்புரிமை பெற்று வழக்குப் போட்டது. பிஎஃப்ஓ மூடப்பட்டது. மற்ற நிறுவனங்கள் பல பயந்து தள்ளி நின்றன. அந்த இடைவெளியில் யார் வேலை செய்தார்கள்? கிரீ சில்லுகளையும் மீன்வெல் டிரைவர்களையும் சொந்தக் காசில் வாங்கி, அலுமினியக் கட்டியில் துளைபோட்டு, திருகி, சால்டர் வைத்து, எந்த நீலத்துக்கு எவ்வளவு வெள்ளை, எத்தனை பாகை லென்ஸ், எவ்வளவு உயரம் என்று தங்கள் தொட்டிகளிலேயே கண்டுபிடித்துச் சொன்னவர்கள் வீட்டு மேசையில் வேலை செய்தவர்கள். நிறுவனங்கள் துணிந்து திரும்பி வந்தபோது அவர்களிடம் விளக்கு வாங்க வரிசையில் நின்றவர்களுக்கு, எல்இடியின் கீழ் அக்ரோபோரா வளரும் என்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது.