நூறு கருவிப் பெட்டி வேண்டாம்... இந்தப் பத்து போதும்!

ஹால் ஜன்னலுக்குத் திரைச்சீலைக் கம்பி மாட்ட வேண்டும். நான்கே நான்கு ஓட்டைதான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால், ‘ஞாயித்துக்கிழமை வர்றேன் சார்’ என்கிறார். ஞாயிறும் போகிறது, ஆளைக் காணோம். அந்தக் கோபத்தில் செல்போனை எடுத்து, டிரில் மெஷினோடு நூற்றுச் சொச்சம் சாமான்கள் அடங்கிய ‘டூல் கிட்’ ஒன்றை ஆர்டர் போட்டுவிடுகிறார் வீட்டுக்காரர்.

பெட்டி வருகிறது. மூன்றாவது ஓட்டையிலேயே பிட் மழுங்குகிறது. ஐந்தாவது ஸ்க்ரூவில் ஸ்க்ரூ டிரைவரின் முனை உருண்டுவிடுகிறது. பெட்டி பரணுக்குப் போகிறது. ‘நமக்கு இதெல்லாம் சரிப்படாது’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மையில் சரிப்படாதது அந்தப் பெட்டிதான்!

கருவி வாங்கும்போது விலையைப் பார்ப்பதற்கு முன்பு ஒரு கேள்வி கேளுங்கள்: ‘வேலை நடக்கும்போது இது வழுக்கினால், உடைந்தால் என்ன ஆகும்?’ ஒன்றும் ஆகாது என்றால் மலிவானதே போதும். சாமான் போட்டுவைக்கும் பெட்டிக்கும் உப்புக் காகிதம் சுற்றும் கட்டைக்கும் அதிகம் செலவழிக்கத் தேவையில்லை. கை கிழியும், கண் போகும், ஷாக் அடிக்கும் என்றால் அங்கே கஞ்சத்தனம் கூடாது.

இப்படிப் பார்த்தால் ஒரு சராசரி வீட்டுக்குப் பத்து கருவிகள் போதும். டேப், ரசமட்டம், மூலமட்டம், சுத்தியல், ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், தட்டை ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், ஆக்ஸா பிளேடு, டிரில் மெஷின். அனைத்தையும் கடையில் நின்றபடியே சோதித்து வாங்கலாம்.

அளவு சரியா?

டேப்பின் நுனிக் கொக்கி லேசாக ஆடுகிறதே என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். அது ஆட வேண்டும். வெளியளவு எடுக்கும்போது கொக்கி இழுபடும். உள்ளளவு எடுக்கும்போது அழுந்தும். கொக்கியின் தடிமன் அளவுக்கு அது நகர்ந்தால்தான் இரண்டு அளவும் சரியாக வரும்.

ரசமட்டத்தைக் கடை மேஜையில் வைத்து, குமிழி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பிறகு அதே இடத்தில் வலம் இடமாகத் திருப்பி வையுங்கள். குமிழி முன்பு நின்ற பக்கத்திலேயே, அதே அளவில் நின்றால் மட்டம் சரி. மேஜை சாய்ந்திருந்தாலும் கவலையில்லை.

மூலமட்டத்தை நேரான பலகை விளிம்பில் வைத்து ஒரு கோடு போடுங்கள். புரட்டி வைத்து, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றாகவே போனால் வாங்கலாம். பிரிந்து போனால் வேண்டாம்.

கையில் நிற்குமா?

ஸ்க்ரூ டிரைவரின் தண்டில் ‘சிஆர்-வி’ என்று பொறித்திருக்கும். குரோம் வனேடியம் எஃகு என்று அர்த்தம். முத்திரையை மட்டும் நம்பாமல், வீட்டிலிருந்து ஒரு ஸ்க்ரூவைக் கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். ஆட்டம் இல்லாமல் உட்கார வேண்டும். ஸ்டாரில் வீட்டுக்கு அதிகம் பயன்படுவது 2-ம் நம்பர். கரன்ட் பார்க்கும் டெஸ்டரை வைத்து ஸ்க்ரூ முடுக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். முறுக்கும்போது அதன் பிளாஸ்டிக் விரிசல் விட்டால், அடுத்த முறை கரன்ட் பார்க்கையில் ஷாக் அடிக்கும் ஆபத்து உண்டு.

கட்டிங் பிளேயரில் 8 அங்குலம் எல்லா வேலைக்கும் ஆகும். மூடி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வெட்டும் விளிம்புகளுக்கு நடுவே வெளிச்சம் கசியக் கூடாது. கலர் ரப்பர் உறை இருப்பதாலேயே மின்சாரம் தாக்காது என்று நினைக்க வேண்டாம். 1,000 வோல்ட் என்ற எழுத்தும் இரட்டை முக்கோணக் குறியும் இருப்பதே மின்வேலைக்கானது. அது கையில் இருந்தாலும், மெயினை அணைத்த பிறகே வேலை.

ஆணி பிடுங்கும் நகம் வைத்த சுத்தியல், சுமார் 450 கிராம் இருந்தால் போதும். கைப்பிடியைப் பிடித்து உதறிப் பாருங்கள். தலை துளி ஆடினாலும் வேண்டாம். அட்ஜஸ்டபிள் ஸ்பேனரில் நகரும் தாடை தளராமல் இருக்க வேண்டும். ஆக்ஸா பிளேடை மாட்டும்போது பற்கள் முன்னோக்கி இருக்கட்டும். தள்ளும்போதுதான் அது அறுக்கும்.

டிரில் மெஷின்

செங்கல் சுவருக்கு ‘ஹேமர்’ வசதியுள்ள, 13 மில்லிமீட்டர் சக் கொண்ட மெஷின் வேண்டும். விசையை அழுத்தும் அளவுக்கு ஏற்ப வேகம் மாறுவதும், ரிவர்ஸில் சுற்றுவதும் அவசியம். கான்கிரீட் பீமைத் துளைக்க இது திணறும். வருடத்துக்கு ஒருமுறை வரும் அந்த வேலைக்கு ரோட்டரி ஹேமரை வாடகைக்கு எடுப்பதே லாபம். சுவருக்கு கார்பைடு முனை பிட், இரும்புக்கு எச்எஸ்எஸ் பிட். ஒன்றை இன்னொன்றுக்கு மாற்றிப் போட்டால் பிட் பாழாகும்.

உடம்பில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால், இரட்டைக் காப்பு உள்ள மெஷின். இரண்டு பின் பிளக் போதும். குறி இல்லையென்றால் எர்த்தோடு கூடிய மூன்று பின் கட்டாயம். பேட்டரி மெஷினில் ‘20 வோல்ட் மேக்ஸ்’ என்று பார்த்து மயங்க வேண்டாம். முழுதாக சார்ஜ் ஏறியபோது 20 காட்டும் அந்த பேட்டரிதான் இன்னொரு கம்பெனியில் 18 வோல்ட் என்று விற்கிறது. எப்போதாவது எடுப்பவர்களுக்கு ஒயர் வைத்த மெஷினே நல்லது. கார்பன் பிரஷ் உள்ளூரில் கிடைக்குமா, சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இருக்கிறதா என்று கேட்டு, பில்லோடு வாங்குங்கள்.

கிரைண்டருக்கு அவசரம் வேண்டாம்

பட்டியலில் கிரைண்டர் இல்லாததற்குக் காரணம் உண்டு. 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். அப்போது டிஸ்க்கின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடுகிறது. உடைந்து தெறித்தால் அதே வேகத்தில் முகத்துக்கு வரும். வேலைக்கு இடைஞ்சல் என்று கார்டைக் கழற்றுவதும், மரம் அறுக்கப் பல் வைத்த பிளேடை அதில் மாட்டுவதும் கூடவே கூடாது. வாங்கத்தான் வேண்டும் என்றால், டிஸ்க்கில் அச்சிட்ட வேகம் மெஷினின் வேகத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். கடினமான டிஸ்க்குக்கும் காலாவதித் தேதி உண்டு, நடுவளையத்தில் பாருங்கள்.

முதல் மெஷின் வாங்கும் அன்றே பாதுகாப்புக் கண்ணாடியும் வாங்கிவிடுங்கள். சுற்றும் மெஷினுக்குப் பக்கத்தில் துப்பட்டா, தொளதொள சட்டை, அவிழ்த்த கூந்தல், துணிக் கையுறை எதுவும் ஆகாது. வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பத்தையும் ஒரே மாதத்தில் வாங்க வேண்டியதில்லை. வேலை வரும்போது ஒவ்வொன்றாக, நல்லதாகச் சேர்த்தால் அடுத்த ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கப் பத்தும் இருக்கும். அதற்குள் அலமாரிக் கதவின் தளர்ந்த கீலை முடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடம், மகன் மகள் பார்க்காமல், கொடுத்துப் பாருங்கள். முனை வழுக்காத ஸ்க்ரூ டிரைவர் கையில் இருந்தால், ‘நமக்கு இதெல்லாம் சரிப்படாது’ என்ற பேச்சு அவர்கள் வாயில் வராது.