பழக்கத்தால் விழுந்த வாக்குகள்

டெக்சாஸ் மாநிலத்தின் தென்கோடியில், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் இருக்கிறது ஸ்டார் கவுண்டி. நூற்றுக்குச் சுமார் 97 பேர் ஹிஸ்பானிக்குகள், பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளி. 2016-ல் ஹிலாரி கிளிண்டனுக்கு இங்கே 79 சதவீத வாக்கு. 2020-ல் பைடனுக்கு 52. 2024-ல் ஏறக்குறைய 58 சதவீதம் பெற்று டிரம்ப் ஜெயித்தார். குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஒருவர் அங்கே வென்றது 1892-க்குப் பிறகு அதுவே முதல்முறை.

சுவர் எழுப்புவேன் என்றவருக்கு எல்லையோர மெக்சிகோ வம்சத்தவரே ஓட்டுப் போட்டது ஏன்? விலைவாசி என்றார்கள், எல்லையில் நெரிசல் என்றார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால், முட்டை விலை டெட்ராய்ட்டின் கறுப்பினக் குடியிருப்புகளிலும்தான் ஏறியது. அங்கே இப்படித் தலைகீழாகப் புரளவில்லையே!

ஸ்டார் கவுண்டியில் ஜனநாயகக் கட்சி என்பது கொள்கையைவிட ஊர் வழக்கமாகவே இருந்தது. ஷெரீஃப் பதவி முதல் கவுண்டி நீதிபதி பதவி வரை உண்மையான போட்டி அந்தக் கட்சியின் உள்தேர்தலில்தான். ‘பச்சாங்கா’ என்ற இறைச்சி விருந்தில் வேட்பாளர் கைகுலுக்குவார். ‘பொலிட்டிகேரா’ எனப்படும் பெண்கள் கூலி வாங்கிக்கொண்டு முதியவர்களை வண்டியில் ஏற்றி வாக்குச்சாவடிக்கு அழைத்துப் போவார்கள். நம்மூர் வாசகருக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. முன்பெல்லாம் வாக்குச்சீட்டில் உள்ளூர்க்காரருக்காகக் கட்சிக்கு ஒரே ஒரு குறியிட்டால், அதே குறியில் அதிபர் வேட்பாளருக்கும் வாக்கு விழுந்துவிடும். டெக்சாஸ் அந்த வசதியை 2020 தேர்தலிலிருந்து எடுத்துவிட்டது. முழுக் காரணமும் அதுவல்ல. ஆனால், உள்ளூர் விசுவாசத்தையும் வாஷிங்டன் அரசியலையும் கட்டிவைத்திருந்த கயிறுகளில் ஒன்று அறுந்தது.

வேலைவாய்ப்பையும் பார்க்க வேண்டும். அமெரிக்க எல்லைக் காவல் படையினரில் ஏறத்தாழ பாதிப் பேர் ஹிஸ்பானிக்குகள். இப்பகுதி இளைஞர்களுக்கு, கல்லூரிப் பட்டம் இல்லாமலே நல்ல சம்பளம் தருபவற்றில் முக்கியமானவை அந்தப் படையும் எண்ணெய் வயல்களும். எண்ணெய்த் தொழிலிலிருந்து படிப்படியாக விலகுவோம் என்று 2020 விவாத மேடையில் பைடன் சொன்னது இவர்கள் காதில் வேறு மாதிரி விழுந்திருக்கும். இனத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்ட கட்சி வியூகக்காரர்கள் கோட்டைவிட்டது இங்கேதான்.

கறுப்பினத்தவர் கதை வேறு. 1960-ல் குடியரசுக் கட்சியின் நிக்சனுக்கு அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் வரை வாக்களித்தார்கள். குடிமை உரிமைகள் சட்டத்தை எதிர்த்த கோல்ட்வாட்டர் 1964-ல் அதே கட்சியின் வேட்பாளராகக் களமிறங்கியதும் அந்தக் கதவு மூடிக்கொண்டது. அதன் பிறகு பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஜனநாயகக் கட்சியின் பக்கம்தான். இத்தனைக்கும் தங்களைப் பழமைவாதிகள் என்று சொல்லிக்கொள்ளும் கறுப்பினத்தவர் கணிசமாக உண்டு. இஸ்மாயில் ஒயிட், செரில் லெயர்ட் என்ற அரசியல் அறிஞர்கள் 2020-ல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார்கள்: உறவு, நட்பு, தேவாலயம் எனச் சுற்றியிருப்போரின் எதிர்பார்ப்புதான் அந்த ஒற்றுமையைக் காக்கிறது. ஞாயிறு பிரார்த்தனை முடிந்து சபையோடு பேருந்தில் ஏறி வாக்களிக்கப் போகிறவர், தனி ஆளாக முடிவெடுப்பதில்லை.

அப்படிப்பட்ட உறவு வலை அறுந்தால் என்னவாகும் என்பதை மேற்கு வர்ஜீனியாவில் பார்க்கலாம். சுரங்கத் தொழிற்சங்கம் வலுவாக இருந்த மாநிலம் அது. பில் கிளிண்டன் இருமுறை வென்றார். சுரங்கங்கள் மூடின, சங்கம் கரைந்தது. 2000-லிருந்து ஜனநாயகக் கட்சியின் எந்த அதிபர் வேட்பாளரும் அங்கே ஜெயிக்கவில்லை. 2024-ல் டிரம்புக்கு ஏறக்குறைய 70 சதவீதம். சங்கக் கூட்டம் போன இடத்துக்குத் தேவாலயமும் தொலைக்காட்சியும் வந்தன என்றே நினைக்கிறேன்.

ரத்த பந்தம் மட்டும் போதாது என்பதற்கு இந்திய வம்சாவளியினரும் சாட்சி. 2024-ல் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நின்ற கமலா ஹாரிஸுக்காக, அவருடைய தாய்வழிப் பூர்வீக ஊரான துளசேந்திரபுரத்தில் பூஜை நடந்தது. ஆனால், கார்னெகி அமைப்பின் கருத்துக்கணிப்புகளில், 2020-ல் பைடனுக்கு இந்திய அமெரிக்கர்களிடையே இருந்த ஆதரவு 2024-ல் ஹாரிஸுக்கு இல்லை.

ஸ்டார் கவுண்டி அடங்கிய நாடாளுமன்றத் தொகுதியில் டிரம்ப் முந்திய அதே நாளில், ஜனநாயகக் கட்சியின் ஹென்றி குவெய்யாரும் வென்றார். வாக்காளர்கள் கட்சி மாறினார்களா, டிரம்புக்கு மட்டும் இரவல் கொடுத்தார்களா என்பது இன்னும் தீரவில்லை. டெக்சாஸ் குடியரசுக் கட்சியினருக்கு அந்தச் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. 2024 வாக்கு அப்படியே நிற்கும் என்று நம்பித்தான் 2025-ல் தென் டெக்சாஸ் தொகுதிகளின் எல்லைகளை மாற்றி வரைந்திருக்கிறார்கள்.