பேராதனைக்கு எவ்வளவு தூரம்?

நாவலப்பிட்டிக்குப் புகையிரதம் வந்தது 1874ஆம் ஆண்டில். அன்று தொட்டு இவ்வூரிலிருந்து பேராதனைக்குப் போவது பெரிய காரியமல்ல. கம்பளையைத் தாண்டினால் வந்துவிடும். அங்கே 1962ஆம் ஆண்டிலிருந்து ஒரு மருத்துவ பீடம் இயங்கி வருகின்றது. கொழும்புக்கு அடுத்ததாக இந்நாட்டில் அமைந்தது அது. நல்ல வைத்தியர்களை உருவாக்கிய பீடம் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் எமது லயத்துப் பிள்ளைகளுக்கு அது இன்னும் எட்டாத ஊராகவே இருக்கின்றது.

சில வருடங்களுக்கு முன்னர், மண்சரிவில் வீடிழந்து வந்த ஒரு தாயை ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றோம். எம்மை வாட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். டொக்டர் இளவயதுக்காரர், பொறுமையானவர். ஆனால் தமிழ் தெரியாது. அம்மாவுக்கோ கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் சிங்களம். கடைசியில், பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்திருந்த பத்து வயதுப் பையனைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். தன் உதிரப்போக்கைப் பற்றி ஒரு சின்னப் பையனிடம் எந்தப் பெண் சொல்லுவாள்? "வயித்துவலிதான்" என்று சொல்லிவிட்டு, அதற்கான மாத்திரைகளோடு அவர் வெளியே வந்தார்.

மருத்துவம் ஆங்கிலத்தில்தான் படிப்பிக்கப்படுகிறது. அதைக் குறைகூறவில்லை. 1847இல் இலங்கை வந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் 1864 முதல் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார்; 'இரண வைத்தியம்', 'வைத்தியாகரம்' முதலிய நூல்களையும் தமிழில் வெளிக்கொணர்ந்தார். அந்த அளவுக்கு நாம் கேட்கவில்லை. "நெஞ்சு கரிக்குது", "கைகால் உளையுது" என்றால் விளங்கிக்கொள்ளும் தமிழ் போதும். பல்கலைக்கழகத்தின் அருகே ஹிந்தகலையில் மாணவர் களப்பயிற்சி பெற்றிருக்கிறார்கள். அதே மாணவர் ஒரு மாதமாவது ஒரு தோட்டத்து மருந்துச்சாலையில் இருந்தால், புத்தகத்தில் இல்லாத பல நோய்க்காரணங்களை நேரில் காண்பார்கள்.

அடுத்தது அனுமதி விடயம். பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்ற முறை நெடுங்காலமாக உண்டு. நுவரெலியா பின்தங்கிய மாவட்டம். கண்டி அப்படியல்ல. நாவலப்பிட்டி இருப்பதோ கண்டி மாவட்டத்தில்! ஆகவே விஞ்ஞான ஆசிரியர் இல்லாத தோட்டப் பாடசாலைப் பிள்ளை, கண்டி நகரத்துப் பெரிய கல்லூரிகளோடும் டியூசன் வகுப்புகளோடும் ஒரே வரிசையில் நின்று போட்டியிட வேண்டும். கினிகத்தேனைப் பக்கம் போனால் மாவட்டம் மாறிவிடுகிறது. தேயிலையும் லயமும் மாறுவதில்லை. மாவட்டத்தைப் பார்ப்பதை விட்டுப் பாடசாலையின் வசதியைப் பார்க்கவேண்டும் என்பதே எமது கருத்து. 1970களின் தரப்படுத்தல் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குச் செய்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எந்த மாற்றத்தையும் சந்தேகத்தோடு பார்ப்பவர்களை நாம் குற்றம் சொல்லமாட்டோம்.

இது கொத்மலை நீர்த்தேக்கத்துக்காகக் காணியை விட்ட குடும்பங்களுக்கும், 1983இல் ஊரை விட்டு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் நேரடியாகத் தொடர்புடையது. பிள்ளையின் மாவட்டம் எது என்பதை, பொதுவாக, உயர்தரத்துக்கு முந்திய மூன்று வருடங்கள் படித்த பாடசாலையைக் கொண்டுதான் தீர்மானிக்கிறார்கள். உறவினர் வீட்டுக்கும் முகாமுக்கும் வாடகை அறைக்கும் மாறி மாறிப் போகிறபோது இதை யார் யோசிக்கிறார்கள்? பாடசாலை விடுகைப் பத்திரத்தைக் காணி உறுதியைப் போலப் பத்திரமாக வையுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைநூலைப் பத்தாம் வகுப்பிலேயே தேடி வாசியுங்கள்.

டொக்டர் ஆவது ஒன்றே வழி என்றும் எண்ணவேண்டாம். தாதியர், மருந்தாளர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர், இயன்மருத்துவர் ஆகியோருக்கும் பேராதனையில் பட்டப்படிப்பு உண்டு. தமிழ் பேசும் ஒரு தாதி வாட்டில் நின்றிருந்தால் அந்தத் தாய் அன்று வாய் திறந்திருப்பார்.

இதற்கெல்லாம் முதலில் உயர்தர உயிரியலைத் தமிழில் படிப்பிக்க ஆசிரியர் வேண்டும். உங்கள் பாடசாலையில் அவர் இல்லாவிட்டால் கல்வி வலயக் காரியாலயத்துக்கு எழுத வேண்டும். கடிதத்தை நாம் எழுதித் தருகிறோம். பெற்றோரின் கையெழுத்துகளை நீங்கள் சேர்த்துத் தாருங்கள்.