பல்கலைக்கழகம் உங்கள் காதோடு பேசினால்...

"டீச்சர், யூனிவர்சிட்டியில இருக்கிறவங்க எப்படிப் பேசுவாங்க?"

மூன்றாம் படிவ மாணவி ஒருத்தி, ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டே என்னிடம் கேட்டாள். நான்காம் படிவத்தில் அறிவியல் பாடங்களை எடுப்பதா, வேண்டாமா என்ற குழப்பத்தில் அவள் இருந்த நேரம் அது. அவள் குடியிருப்பது முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த இடம். அந்த வீட்டு வரிசையில் பல்கலைக்கழகம் போனவர் ஒருவரும் இல்லை. பேராசிரியர் என்றால் அவளுக்குத் தெரிந்தது, பாடநூலின் முதல் பக்கத்தில் அச்சாகியிருக்கும் பெயர்தான்.

மாணவர்களே, நம் பேராக்கில் பல்கலைக்கழகங்களுக்குப் பஞ்சமா? தஞ்சோங் மாலிமில் 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் பல்கலைக்கழகமான சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். கம்பாரில், பழைய ஈயக் குட்டைகளின் கரையில், துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம். ஈப்போவிலிருந்து கம்பாருக்குக் காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. கட்டடம் பக்கத்தில்தான் இருக்கிறது. குரல்தான் நம் காதுக்கு வந்து சேரவில்லை.

அந்தக் குரலைக் கொண்டுவர ஒரு வழி இருக்கிறது: வலையொலி. போட்காஸ்ட் என்றால் உங்களுக்கு உடனே தெரியும்.

ஒரு சுவையான தற்செயல். 'போட்காஸ்ட்' என்ற சொல்லைப் பிரிட்டிஷ் பத்திரிகையாளர் பென் ஹேமர்ஸ்லி முதன்முதலில் கார்டியன் நாளிதழில் எழுதியது 2004 பிப்ரவரியில். அதே மாதம் முதல் தேதி, சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 'அண்ணா எஃப்.எம்.' ஒலிபரப்பைத் தொடங்கியது. இந்தியாவின் முதல் வளாகச் சமூக வானொலி அதுதான். அலைவரிசை 90.4 மெகாஹெர்ட்ஸ். மாணவர்களே நிகழ்ச்சிகளைத் தயாரித்தார்கள். பக்கத்துக் குடியிருப்புப் பெண்களும் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து உடல்நலம், சத்துணவு பற்றிப் பேசினார்கள். பல்கலைக்கழகம் தன் மதிலுக்கு வெளியே பேசியது. வெளியே இருந்தவர்களையும் பேச வைத்தது. இதில் இரண்டாவதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆனால் அந்த வானொலிக்கு ஓர் எல்லை இருந்தது. 90.4 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 3.3 மீட்டர். (ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்துப் பாருங்கள்.) இவ்வளவு குட்டை அலை, மலையைச் சுற்றி எளிதில் வளைந்து வராது. சிறிய ஒலிபரப்பி என்றால் சில கிலோமீட்டரோடு சரி. கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளுக்குப் பின்னால் குடியிருப்பவர்களுக்கு, வானொலி கரகரக்கும் கதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் சிறு வயதில் பாட்டி 'வானொலி ஆறு' கேட்க (இன்றைய மின்னல் எஃப்.எம்.தான்), ஏரியலைப் பிடித்துக்கொண்டு சன்னலோரம் நிற்பது என் வேலை.

வலையொலிக்கு இந்தத் தொல்லை இல்லை. கோப்பாக இறங்கிவிட்டால் பேருந்திலும் கேட்கலாம், இணையம் இல்லாத வீட்டிலும் கேட்கலாம். செலவையும் கணக்குப் போடுங்கள். பேச்சுக்கு நொடிக்கு 64,000 பிட் போதும். அரை மணி நேரத்துக்கு 14.4 மெகாபைட். நொடிக்குப் பத்து லட்சம் பிட் கேட்கும் ஒரு காணொளி, அதே அரை மணியில் 225 மெகாபைட்டை விழுங்கிவிடும். பிரிபெய்ட் டேட்டா தீர்ந்துபோகும் மாதக் கடைசியில் இந்த வேறுபாட்டின் அருமை தெரியும்.

ஒலி எப்படி இவ்வளவு சுருங்குகிறது? உரத்த ஓசை ஒன்று கேட்கும்போது, அதற்கு நெருங்கிய அதிர்வெண்ணில் உள்ள மெல்லிய ஓசையை நம் மூளை கவனிப்பதில்லை. கவனிக்காததை எதற்குச் சேமிக்க வேண்டும்? அதை வீசிவிடுகிறது எம்.பி.3 முறை. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெர்மானியர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், தம் முறையைச் சோதிக்க, வாத்தியமே இல்லாமல் ஒரு பெண் தனியாகப் பாடிய பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டார். தனிக் குரலில் சிறு பிழை நேர்ந்தாலும் காது கண்டுபிடித்துவிடும் அல்லவா?

சரி, தொழில்நுட்பம் இருக்கிறது. அதில் யார் பேசுவது, எதைப் பேசுவது? இங்குதான் எனக்குப் பல வலையொலிகளோடு சண்டை. பல்கலைக்கழகம் ஒன்று வலையொலி தொடங்கினால், முதலில் வருவது வரவேற்புரை. பிறகு விருதுப் பட்டியல். பிறகு மாணவர் சேர்க்கை விளம்பரம். பதினைந்து வயதுப் பிள்ளை இதை ஏன் கேட்க வேண்டும்? எனக்குக் கேட்க வேண்டியது, ஆறு மாதம் செய்த சோதனை ஏன் பாழானது என்று ஓர் ஆராய்ச்சி மாணவர் சொல்வதை. ஆய்வுக்கூட உதவியாளரின் அன்றாட வேலையை. இரவு பத்து மணிக்கு நுண்ணோக்கியின் முன் எதைக் கண்டு ஒருவர் துள்ளிக் குதித்தார் என்பதை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் கிறிஸ் ஸ்மித் என்ற மருத்துவர் தொடங்கிய 'நேக்கட் சயன்டிஸ்ட்ஸ்' நிகழ்ச்சியில் பொதுமக்கள் கேள்வி கேட்க, அறிவியலாளர்கள் பதில் சொல்கிறார்கள். (பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். ஜோடனை இல்லாத அறிவியல் என்று பொருள்.)

நம் ஊருக்கென்று கேள்விகள் இல்லையா? 1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்று நட்ட மாநிலம் இது. பால் வெட்ட ஏன் இருட்டோடு போக வேண்டும் என்று பாட்டியைக் கேட்டால், "வெயில் ஏறினா பால் நின்னுடும்" என்பார். உயிரியல் விரிவுரையாளரைக் கேட்டால், இரவில் மரம் நீரை நிரப்பிக்கொள்வதால் விடியலுக்கு முன் பால்குழாய்களில் அழுத்தம் உச்சத்தில் இருக்கிறது, வெயிலில் இலைகள் நீராவிப்போக்கில் நீரை இழக்க இழக்க அந்த அழுத்தம் குறைகிறது என்பார். இரண்டும் ஒரே உண்மைதான். இருவரையும் ஒரே ஒலிவாங்கியின் முன் உட்கார வைத்தால் நான் அன்று வகுப்பையே நிறுத்திவிட்டுக் கேட்பேன்.

அதைத் தமிழில் கேட்க வேண்டும் என்பதும் என் ஆசை. "தேர்வு மலாயில்தானே, தமிழில் கேட்டு என்ன பயன்?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை 'ஒளிச்சேர்க்கை' என்று படித்த பிள்ளை, முதலாம் படிவத்தில் 'ஃபோட்டோசிந்தெசிஸ்' என்று கேட்டுத் திகைத்து நிற்பதை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். கருத்து ஒன்று, பெயர்தான் இரண்டு என்பது புரிந்துவிட்டால் திகைப்பு போய்விடும். அதைப் புரியவைக்க, இரண்டு பெயரும் அறிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் பேச வேண்டும். நம் பல்கலைக்கழகங்களில் அப்படிப்பட்ட தமிழர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். ஆசிரியர் கேட்பதைவிட மாணவர் கேட்டால் மறுப்பது கடினம்.

வலையொலியில் குறையும் உண்டு. மின்சுற்றை வரைந்து காட்ட முடியாது. பொய்யும் இனிய குரலில் வரும். ஆகவே பேசுபவர் யார், எங்கே பணிபுரிகிறார் என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

குழாய் கழுவிய அந்த மாணவிக்கு ஆங்கில அறிவியல் வலையொலி ஒன்றைக் கேட்கக் கொடுத்திருந்தேன். மறுவாரம் வந்தாள். "டீச்சர், அந்த விஞ்ஞானி மூணு தடவ 'எனக்குத் தெரியாது'ன்னு சொன்னாரு!" என்றாள். அவளுக்கு அது பெரிய செய்தியாக இருந்தது. பிறகு, தன் பாட்டியின் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்யலாமா என்று கேட்டாள். பாட்டி முப்பது வருடம் பால் வெட்டியவர்.

முதல் பதிவில் மின்விசிறி இரைச்சல். இரண்டாவதில் சேவல் கூவிக் கெடுத்தது. மூன்றாவது நன்றாக வந்திருக்கிறது, பதினோரு நிமிடம். அதில் பாட்டிக்கே விடை தெரியாத கேள்விகள் நான்கு இருக்கின்றன. அவற்றை எந்த விரிவுரையாளருக்கு அனுப்பலாம் என்று இருவரும் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறோம். அறிவியல் எடுப்பாளா என்று அவள் இன்னும் சொல்லவில்லை.