பழைய மின் ஸ்கூட்டரின் உண்மை விலை

மதுரை மாநகராட்சியுடன் 2011இல் இணையும் வரை பேரூராட்சியாக இருந்த விளாங்குடி, இன்று திண்டுக்கல் சாலையின் இருபுறமும் விரிந்துகிடக்கும் நடுத்தர வர்க்கக் குடியிருப்பு. இங்கிருந்து ஆரப்பாளையம், பெரியார் நிலையம், மாட்டுத்தாவணி என்று தினமும் வேலைக்குச் செல்வோரில் பலருக்கு இருசக்கர வாகனமே வாழ்வாதாரம். சில காலமாக இப்பகுதியில் நான் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: “மூன்று, நான்கு ஆண்டு ஓடிய மின் ஸ்கூட்டர் பாதி விலைக்கு வருகிறது, வாங்கலாமா?”

இக்கேள்வி இப்போது எழுவது தற்செயலானதல்ல. ஒன்றிய அரசின் ‘ஃபேம்-2’ திட்டத்தின் கீழ், 2021 ஜூன் முதல் மின் இருசக்கர வாகனங்களுக்கான மானியம் ஒரு கிலோவாட் மணிக்கு 10,000 ரூபாயிலிருந்து 15,000 ரூபாயாக உயர்ந்தது. வாகன விலையில் 40% வரை மானியம் கிடைத்தது. 2023 ஜூனில் இந்த உச்சவரம்பு 15% ஆகக் குறைக்கப்பட்டது. இடைப்பட்ட அந்த இரண்டு ஆண்டுகளில் விற்பனை பெருகியது. அப்போது வாங்கப்பட்ட வாகனங்களில் பெரும்பாலானவற்றுக்கு பேட்டரி உத்தரவாதம் மூன்று ஆண்டுகள்தான். உத்தரவாதம் முடிந்த அந்த வாகனங்களே இப்போது பழைய வாகனச் சந்தைக்கு வந்துகொண்டிருக்கின்றன.

கணக்கு சொல்வது என்ன?

நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள்கள் ஓட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 9,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு 200 லிட்டர் தேவை. லிட்டர் 100 ரூபாய் என்றாலும் 20,000 ரூபாய் செலவு. மின் ஸ்கூட்டருக்கு, சார்ஜ் செய்யும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்து, 100 கிலோமீட்டருக்கு மூன்றரை யூனிட் வைத்தால் ஆண்டுக்கு 315 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்றாலும் 2,520 ரூபாய்தான். ஆக, ஆண்டுக்கு ஏறத்தாழ 17,500 ரூபாய் மிச்சம். மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு இது சிறிய தொகையல்ல.

ஆனால், 3 கிலோவாட் மணி பேட்டரியை மாற்ற நேர்ந்தால் 60,000 ரூபாயும் அதற்கு மேலும்கூட ஆகலாம். அதாவது, ஏறக்குறைய மூன்றரை ஆண்டுச் சேமிப்பு ஒரே நாளில் கரைந்துபோகும். 45,000 ரூபாய்க்கு வாங்கிய வாகனம் அந்த நாளில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிவிடும். புதிய வாகனமே வாங்கியிருக்கலாம் என்ற நிலை வந்துவிடும். பேட்டரி இன்னும் நான்கு ஆண்டு உழைத்தாலோ, அதே வாகனம் அருமையான கொள்முதல். இரண்டு வாகனங்களும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் என்பதே சிக்கல்.

பெட்ரோல் வண்டியின் நிலையைப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் எஞ்சின் சத்தத்தையும் புகையையும் வைத்தே ஓரளவு சொல்லிவிடுவார். லித்தியம் பேட்டரியின் முதுமைக்குச் சத்தமோ புகையோ இல்லை. ஓடிய கிலோமீட்டரும் முழு உண்மையைச் சொல்லாது. மே மாத மதுரை வெயிலில் முழு சார்ஜுடன் நிறுத்திவைக்கப்படுவதும், சார்ஜ் முற்றிலும் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் கிடப்பதும் பேட்டரியைச் சிதைக்கும். எனவே, ‘குறைவாக ஓடிய வண்டி’ என்ற விளம்பரம் மின் வாகனத்தைப் பொறுத்தவரை பாதி உண்மையே.

அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் ஏகர்லாஃப் 1970இல் எழுதிய புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை, பழைய கார் சந்தையையே எடுத்துக்காட்டாகக் கொண்டது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது, நல்ல பொருளுக்கும் மோசமான பொருளுக்கும் ஒரே விலைதான் கிடைக்கும். நல்ல பொருளை வைத்திருப்பவர் சந்தையைவிட்டு விலகுவார். மோசமானவையே மிஞ்சும் என்பது அவர் வாதம். 2001இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அவருடைய வாதம், இன்று பழைய மின் ஸ்கூட்டர் சந்தைக்கு அப்படியே பொருந்துகிறது.

பாதுகாப்பும் நிறுவனமும்

விலைக்கு அப்பால் உயிர் சார்ந்த கேள்வியும் உண்டு. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜ் செய்யப்பட்ட மின் ஸ்கூட்டர் தீப்பற்றியதில் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அந்த ஆண்டு நிகழ்ந்த தொடர் தீ விபத்துகளுக்குப் பிறகே ‘ஏ.ஐ.எஸ். 156’ பேட்டரித் தர விதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலுமாக இரண்டு கட்டங்களில் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன் தயாரான வாகனங்கள் எல்லாம் ஆபத்தானவை என்று சொல்வது நியாயமாகாது. ஆயினும், மாடிப்படிக்கு அடியிலோ வாசற்கதவுக்கு அருகிலோ சார்ஜ் செய்ய வேண்டிய சிறிய வாடகை வீடுகளில், பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பு மாதத்தைப் பார்ப்பது அவசியம்.

உற்பத்தி நிறுவனம் நாளையும் இருக்குமா என்பது அடுத்த கேள்வி. ஒரு காலத்தில் மின் இருசக்கர விற்பனையில் முன்னணியில் இருந்த ஹீரோ எலெக்ட்ரிக், மானிய விதிமீறல் புகாரில் சிக்கி, 2024 டிசம்பரில் திவால் நடவடிக்கைக்கு உள்ளானது. நிறுவனம் தள்ளாடினால் உதிரிபாகமும் மென்பொருளும் கிடைப்பது அரிதாகும். பெட்ரோல் வண்டிக்குப் பொருத்தமான பாகத்தை டவுன்ஹால் சாலையிலோ வேறெங்கோ தேடிப்பிடித்துவிடலாம். மின் வாகனத்தின் கட்டுப்பாட்டுப் பலகையை அப்படித் தேட முடியாது.

வாங்குவோர் செய்யக்கூடியவை சில உண்டு. முழு சார்ஜ் செய்து, பின்னால் ஒருவரை அமர்த்தி, குறைந்தது 20 கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கலாம். புதிதாக இருந்தபோது உண்மையில் 90 கிலோமீட்டர் ஓடிய வாகனம், 20 கிலோமீட்டருக்கு 30% சார்ஜை இழந்தால், இப்போது ஓடக்கூடியது ஏறத்தாழ 67 கிலோமீட்டர்தான். கால் பங்குத் திறன் போய்விட்டது என்று பொருள். சதவீதக் காட்டி எப்போதும் சீராக இறங்காது என்பதால், பாதி சார்ஜ் வரை ஓட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது. அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தில் பேட்டரி ஆரோக்கிய அறிக்கை கேட்கலாம். அதை எடுத்துத்தர மறுக்கும் விற்பனையாளரிடம் பேரம் பேசுவதே வீண். அசல் சார்ஜர், கடன் நிலுவை, காப்பீடு, 29, 30ஆம் எண் படிவங்கள் வழியான பெயர் மாற்றம், செயலிக் கணக்கின் மாற்றம் ஆகியவற்றையும் பணம் கொடுக்கும் முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்துக்கு உட்பட்ட, பதிவு தேவைப்படாத வாகனங்களில் உரிமையைச் சரிபார்க்கப் பதிவுச் சான்றே இருக்காது. அவற்றில் கூடுதல் எச்சரிக்கை தேவை.

அரசு எங்கே?

ஆனால், எல்லாச் சோதனையையும் வாங்குபவர் தலையில் சுமத்துவது சரியா? 2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம், வணிகர்கள் விற்கும் பழைய மின் வாகனங்களின் லாபத்தொகை மீதான வரியை 12%இலிருந்து 18% ஆக உயர்த்தப் பரிந்துரைத்தது. தனிநபர்கள் தமக்குள் விற்றுக்கொண்டால் இந்த வரி இல்லை. இச்சந்தையிலிருந்து தனக்குரிய வரியைக் கணக்கிடத் தெரிந்த அரசு, இதே சந்தையில் வாங்குவோருக்குரிய தகவலை உறுதிசெய்ய வேண்டாமா? பதிவுச் சான்றில் வண்டியின் நிறம்கூட இருக்கிறது. அதன் விலையில் பெரும்பங்கான பேட்டரியின் ஆரோக்கியம் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு பேட்டரி ஒழுங்குமுறை, பேட்டரியின் ஆரோக்கியத் தரவை உரிமையாளர் அறிய வழிசெய்கிறது. 2027 பிப்ரவரி முதல் ‘டிஜிட்டல் பேட்டரி கடவுச்சீட்டு’ முறையையும் கட்டாயமாக்குகிறது. ஓசூர், கிருஷ்ணகிரி, ராணிப்பேட்டை என மின் இருசக்கர வாகன ஆலைகளைக் கொண்டிருக்கும் தமிழ்நாடு இதில் முன்னோடியாக இருக்க முடியும். பெயர் மாற்றத்தின்போது பேட்டரி ஆரோக்கியச் சான்றை இணைப்பது, உற்பத்தி நிறுத்தப்பட்ட பின்னும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு உதிரிபாகம் கிடைக்கச் செய்வது, கோ.புதூர் போன்ற அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் சோதனை மையம் அமைத்து நியாயமான கட்டணத்தில் சான்று வழங்குவது ஆகிய மூன்றும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. சான்று இருந்தால், வாகனத்தை நன்றாகப் பராமரித்தவருக்கும் நல்ல விலை கிடைக்கும்.

அதுவரை, வாங்கலாமா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: உத்தரவாதமும் ஆரோக்கிய அறிக்கையும் இல்லாத வாகனத்தில், பேட்டரியின் மதிப்பைப் பூஜ்ஜியம் என்று வைத்து விலை பேசுங்கள். அந்த விலைக்குக் கிடைத்தால், நிறுவனம் நிலைத்திருந்தால், 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரானதாக இருந்தால், தயங்காமல் வாங்கலாம். இல்லையென்றால், பெட்ரோலில் மிச்சமாகும் பணம் என்று நாம் எண்ணுவது, வருங்கால பேட்டரிக்காக இப்போதே வாங்கிக்கொள்ளும் கடன்தான்.