ஓவன் வேண்டாத சாக்லெட் டாஃபி வில்லைகள்

ஆவின் பால் நிலையம் அமைந்துள்ள காக்களூரில் வெண்ணெய்க்குப் பஞ்சமில்லை; ஓவன்தான் எல்லா வீட்டிலும் இல்லை. இவ்வினிப்புக்கு அது தேவையுமில்லை.

200 கிராம் மாரி பிஸ்கட்டைப் பொடித்து, உருக்கிய வெண்ணெய் 100 கிராம் கலந்து தட்டில் அழுத்துங்கள். கண்டென்ஸ்டு மில்க் 400 கிராம், வெண்ணெய், சர்க்கரை தலா 50 கிராம் சேர்த்து இளந்தீயில் கைவிடாமல் கிளறி, பொன்னிறமாகத் திரண்டதும் அதன்மீது பரப்பி ஆறவிடுங்கள்.

சாக்லெட்டை நேரே அடுப்பில் ஏற்றாதீர்கள். கொக்கோ வெண்ணெய் சுமார் 34 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தின் ஆவியே போதும். உருகுகையில் ஒரு சொட்டு நீர் விழுந்தாலும் கட்டிதட்டிவிடும். 150 கிராம் உருக்கி மேலே ஊற்றி, குளிர்ப்பெட்டியில் 2 மணி நேரம் வைத்து வில்லைகளாக்குங்கள்.

சாக்லெட் வாங்கும்போது உறையைப் படித்துப் பாருங்கள். மது கலந்தவையும் ஜெலட்டின் சேர்ந்தவையும் உண்டு. பிள்ளைகள் இனிப்பை மட்டுமே பார்ப்பார்கள். ஹலாலா என்று பார்க்க வேண்டியவர்கள் நாமே.