அகற்றப்பட்ட வழிகாட்டிப் பலகைகள்



வழிகாட்டிப் பலகை இல்லாத சந்தியில் வழிப்போக்கன் நின்று விசாரிப்பான். பலகை இருக்கும் இடத்திலோ, அவன் விசாரிப்பதில்லை, நம்பித் திரும்பிவிடுவான். ஆகையால், தவறாக நாட்டப்பட்ட ஒரு பலகை, பலகையே இல்லாத சந்தியைக் காட்டிலும் ஆபத்தானது. இங்கிலாந்து தேசத்து நாட்டுப்புறச் சாலைகளில், மிதிவண்டியில் செல்வோருக்காக நாட்டப்பட்ட பலகைகளைக் குறித்து நடந்த ஒரு காரியத்தை இவ்வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அத்தேசத்தின் தென்மேற்குப் பகுதியிலும், வேல்ஸ் எல்லையோரத்திலும் நிலம் சமதரையாக இராமல், மேடும் பள்ளமுமாக அலையலையாய்ச் செல்லுகிறது. பெருஞ்சாலைகள் பெரும்பாலும் பள்ளத்தாக்குகளைப் பற்றிக்கொண்டு ஓடுகின்றன. அவை தொடாத குன்றுகளின்மேல், கிராமத்தையும் கிராமத்தையும் இணைக்கிற பழைய சிறு சாலைகள் வளைந்து நெளிந்து ஏறி இறங்குகின்றன. இருபுறமும் உயிர்வேலி, வேலிக்கு அப்பால் ஆட்டுமந்தைகள் மேயும் புல்வெளி. அரசு நில அளவைத் துறையின் வரைபடத்தை விரித்தால், இச்சாலைகள் மெல்லிய மஞ்சள் கோடுகளாகத் தெரியும். நான்கு மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள சாலைக்கு இன்னும் மெல்லிய கோடு. ஏழடிக்கு ஓரடி உயரும் சரிவில் ஓர் அம்புக்குறி. ஐந்தடிக்கு ஓரடிக்கும் மிஞ்சி உயருமானால் இரண்டு. அமைதியான வழியைத் தேடுகிற மிதிவண்டிக்காரர் அந்த மெல்லிய கோடுகளையே தேடிப் பிடிக்கிறார். ஏற்றத்தில் மூச்சு வாங்கினாலும், உச்சியில் நின்று பார்க்கும்போது அடுத்த கிராமத்து ஆலயக் கோபுரம் தெரியும். பிறகு இறக்கத்தில் மிதிக்காமலே செல்லலாம்.

இப்படிப்பட்ட வழிகளை எளியவருக்கும் திறந்துவிட வேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு, 1977-ஆம் ஆண்டு பிரிஸ்டல் நகரத்தில் ஒரு தொண்டு அமைப்பு உருவாயிற்று. பின்னாளில் அது சஸ்ட்ரான்ஸ் என்று பெயர் பெற்றது. பிரிஸ்டலுக்கும் பாத் நகரத்துக்கும் இடையே கைவிடப்பட்டுக் கிடந்த 13 மைல் ரயில் பாதையை மிதிவண்டிப் பாதையாக்கியது அவர்களுடைய முதற்பணி. 1995-ஆம் ஆண்டு, தேசிய லாட்டரி நிதியின் உதவியோடு, தேசம் முழுவதற்குமான மிதிவண்டி வழித்தடத் திட்டம் தொடங்கப்பட்டது. நீலப் பலகையில் சிவப்புக் கட்டம், அதற்குள் வெள்ளை எண்: இதுவே அதன் அடையாளம். ஆண்டுகள் செல்லச் செல்ல வழித்தடம் வளர்ந்து, 16,575 மைல் நீளத்தை எட்டியது.

எண்ணிக்கை மகிழ்ச்சி தந்தது. ஆனால் அந்த நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, மோட்டார் வாகனங்களும் ஓடுகிற சாலைகளின்மேல் சென்றது. அவற்றுள் மெய்யாகவே அமைதியான சாலைகளும் இருந்தன. அமைதியைப் பெயரளவில் மட்டும் உடையவையும் இருந்தன. அந்நாட்டுச் சட்டத்தின்படி, வேறு வேகவரம்பு விதிக்கப்படாத நாட்டுப்புறச் சாலையில், அது எவ்வளவு குறுகலாயிருந்தாலும், கார் ஒன்று மணிக்கு 60 மைல் வேகம் வரை செல்லலாம். நான்கு மீட்டர் அகலமில்லாத சாலை. வளைவுக்கு அப்பால் கண் தெரியாதபடி மறைக்கிற வேலி. மேட்டின் மறுபுறம் என்ன வருகிறதென்று அறியக்கூடாத உச்சி. அங்கே நடைவேகத்தில் ஏறிக்கொண்டிருக்கிற ஒரு பிள்ளை. அந்தச் சந்தியிலும் நீலப் பலகை, "இது உனக்கான வழி" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

2018-ஆம் ஆண்டு அந்த அமைப்பு தன் வழித்தடம் முழுவதையும் தானே சோதித்துப் பார்த்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை தனியாகப் பாதுகாப்புடன் செல்லத்தக்கதாக வழித்தடம் இருக்கவேண்டும் என்ற இலக்கை வைத்துக்கொண்டது. சோதனையின் முடிவில், மொத்த நீளத்தில் 42 விழுக்காடு மிகவும் மோசமான நிலையில் இருப்பதாக அறிக்கை வெளியிட்டது. குற்றம் சாட்டியது பகைவர் அல்ல, கட்டியவர்களே. 2020-ஆம் ஆண்டு அவர்கள் இன்னும் ஒருபடி முன்னே சென்றார்கள். ஏறத்தாழ 750 மைலை வழித்தடத்திலிருந்து முற்றிலும் நீக்குவதாகவும், ஏறத்தாழ 3,000 மைலை அனுபவமுள்ளவர்களுக்கு மட்டும் உரியதாக வேறு பிரிப்பதாகவும் அறிவித்தார்கள். இருபத்தைந்து ஆண்டு உழைப்பில் நாலில் ஒரு பங்கு தங்கள் பெயரைத் தாங்கத் தகுதியற்றது என்று தங்கள் வாயாலேயே சொன்னார்கள்.

இது தோல்வி என்று சிலர் எண்ணக்கூடும். அந்தச் சாலைகளில் பல ஆண்டுகள் மகிழ்ச்சியாய்ப் பயணம் செய்தவர்கள் உண்டு. தங்கள் ஊர் வழியாகச் சென்ற பலகை போய்விட்டதே என்று வருந்துகிற கிராமங்கள் இருக்கலாம். "பலகையை எடுத்துவிட்டால் சாலையில் கார்களின் வேகம் குறைந்துவிடுமா?" என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்வியே. குறையாது. ஆனாலும் அவர்கள் செய்தது சரியென்றே நான் உறுதியாக எண்ணுகிறேன். ஏனெனில், வழித்தடத்தின் பெருமை அதன் நீளத்தில் இல்லை. அதை நம்பித் திரும்புகிறவன் வீடு வந்து சேருவதில் இருக்கிறது. அனுபவமுள்ளவர் சாலையைப் பார்த்துத் தாமே நிதானிப்பார். பலகையை முழுவதும் நம்புகிறவர் யார்? முதன்முறை மிதிவண்டி எடுத்தவர், பிள்ளைகளை அழைத்துவந்த தாய், வயது சென்றவர். பலகை அவர்களுக்காகவே நாட்டப்பட்டது. அவர்களுக்குப் பொய் சொல்லும் பலகை, எத்தனை அழகாயிருந்தாலும், நிற்கக்கூடாது.

எனினும், உண்மையை ஒப்புக்கொள்வது பாதி வேலையே. மீதிப் பாதி, வழியைச் செப்பனிடுவது. அதற்கும் வழியுண்டு. நடப்போர், மிதிவண்டிக்காரர், குதிரையில் செல்வோர் ஆகியோருக்காகச் சிறு சாலைகளை 'அமைதிச் சாலை' என்று உள்ளாட்சிகள் அறிவிக்க, 2000-ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இடமளிக்கிறது. ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஜெர்சி தீவிலோ, 'பசுமைச் சாலை' என்று பெயரிட்ட சிறு சாலைகளில் வாகன வேகம் மணிக்கு 15 மைல்தான். முன்னுரிமையும் மெதுவாய்ச் செல்வோருக்கே. அமைதி அங்கே தற்செயலாய் மிஞ்சிய பொருள் அல்ல. வேகமாய்ப் போக வல்லவர்கள், போக இயலாதவர்களுக்காகத் தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்வதால் உண்டாகிற பொருள். பலகையை எடுத்ததோடு நின்றுவிட்டால் பிள்ளைக்குப் பொய் சொல்லவில்லை என்ற ஆறுதல் மட்டுமே மிஞ்சும்; அவனுக்குச் சாலை கிடைக்காது.

அன்பானவர்களே, வாரந்தோறும் உங்கள்முன் நின்று வழி சொல்லுகிற எனக்கு இந்தச் செய்தி ஒரு கடிந்துகொள்ளுதலாகவே வந்தது. நாம் எல்லாரும் யாருக்கோ வழிகாட்டிப் பலகையாய் நிற்கிறோம்: பிள்ளைகளுக்குப் பெற்றோர், புதியவர்களுக்கு மூப்பர், மாணவருக்கு ஆசிரியர். ஒரு காலத்தில் நாம் சொன்ன வழி நல்லதாகவே இருந்திருக்கலாம். இடையில் சாலை மாறியிருக்கும். நாமோ அதே பக்கம் கைகாட்டிக்கொண்டிருப்போம். நம் சொல்லை நம்பி ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை தனியே புறப்பட்டால், அவன் பத்திரமாய்ப் போய்ச் சேருவானா? இந்தக் கேள்வியோடு, நாம் நாட்டிய பலகைகளை ஒவ்வொன்றாய் மறுபடியும் சென்று பார்ப்போமாக. எடுக்கவேண்டியதை வெட்கப்படாமல் எடுப்போம். எடுத்த இடத்தை வெறுமையாய் விடாமல், பிள்ளை நடக்கத்தக்க வழியை அங்கே உண்டாக்குவோம்.

கர்த்தர் தாமே உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.